ஐந்தாம் ரீலும் ஆறாம் ரீலும்

கோடம்பாக்கம், சென்னை
2 ஜூன் 1999

சொர்ணம்,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமல் வைத்துவிடுவீர்களோ என்று முகவரியைத் தட்டச்சு செய்து ஒட்டினேன். ஏமாற்று வேலைதான். மன்னியுங்கள்.

நான் ஒரு படம் எடுத்துவிட்டேன். நம்பமாட்டீர்கள். முதல் பிரதி லேபிலிருந்து வரும்வரை நானே நம்பவில்லை. பெயர் ‘பன்னிரண்டாம் வரைவு’. திரைக்கதை எழுதுகிற ஒருவனைப் பற்றிய படம். அவன் ஒரு காட்சியை எழுதுவான், அது திரையில் நடக்கும். அடித்துவிடுவான், அதே காட்சி வேறு மாதிரி நடக்கும். எழுதியதையெல்லாம் ஒரு பெண் படித்துப் பார்த்து, “இது நடக்காது” என்பாள். சண்டை இல்லை, பாட்டு இல்லை. ஒரு வீடு, ஒரு மேசை, இரண்டு பேர். ஏழு ரீல்.

தயாரிப்பாளர் சுந்தரராமன் மின்விசிறி வியாபாரத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவர். நல்ல மனிதர். சென்னையில் ஒரு காட்சி போட்டோம். வந்தவர்கள் எல்லாரும் என் நண்பர்கள், எல்லாரும் கை குலுக்கினார்கள். சுந்தரராமன் என்னை ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னார்:

“ஆதி சார், ஃபிரெண்ட்ஸ் கை குடுப்பாங்க, டிக்கெட் வாங்கமாட்டாங்க. உங்களத் தெரியாத ஊர்ல ஒரு தடவ போட்டுப் பாருங்க. பாதிக்கு மேல ‘இப்படியே ரிலீஸ் பண்ணு’ன்னா பண்றேன். இல்லேன்னா கடைசி நாப்பது நிமிஷத்த வெட்டிட்டு ஒழுங்கா ஒரு கிளைமாக்ஸ் எடுத்துக் குடுங்க. அதுவும் மாட்டேன்னா படப்பெட்டி என் குடோன்ல ஃபேனோட ஃபேனா இருக்கட்டும்.”

வெட்டமாட்டேன். அந்த நாற்பது நிமிடத்துக்காகத்தான் மீதியை எடுத்தேன்.

என்னைத் தெரியாத ஊர் என்றதும் பெங்களூர்தான் ஞாபகம் வந்தது. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவனை இன்று அங்கே நாலைந்து பழைய ஆட்களைத் தவிர யாருக்குத் தெரியும்? உங்கள் திரைப்படச் சங்கத்தில் கருத்துச் சீட்டு முறை இன்னும் இருக்கிறதா? பெயர் போடாமல், பேட்டையின் பெயரை மட்டும் போட்டு, மனதில் பட்டதை எழுதிப் பெட்டியில் போடுவார்களே, அந்தச் சீட்டு. அதைவிட நேர்மையான தராசு எனக்குத் தெரியாது. நீங்கள்தான் இன்னும் செயலாளர் என்று ஆபரேட்டர் சிரில் கிறிஸ்துமஸ் வாழ்த்தில் எழுதியிருந்தார்.

நான் வரமாட்டேன். எடுத்தவன் வாசலில் நின்றால் சீட்டு பொய் சொல்லும். பெட்டி மட்டும் வரும்.

உங்கள் கருத்தைக் கேட்கவில்லை. கேட்கத் தைரியமில்லை.

ஆதிகேசவன்


ஜீவனஹள்ளி, பெங்களூர்
11 ஜூன் 1999

திரு. ஆதிகேசவன் அவர்களுக்கு,

கையெழுத்து தெரிந்திருந்தாலும் பிரித்திருப்பேன். இருபது வருடமாகப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். எந்தக் காகிதத்தையும் படிக்காமல் ஒதுக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

உங்கள் வேண்டுகோளைக் கமிட்டியில் வைத்தேன். தலைவர் சின்னப்பா, “நம்ம ஆதியா? கலாட்டாவுக்குப் பயந்து ஓடிப்போனவன்தானே? ஒரு படம் போட்டா என்ன ஆயிடும், போடலாம் விடும்மா” என்றார். 91 டிசம்பர் காவிரிக் கலவரத்தில்தான் நீங்கள் ஊரை விட்டுப் போனதாகச் சங்கத்தில் இன்னும் நினைக்கிறார்கள். காரணம் வேறு என்று அறிந்தவள் நான் ஒருத்திதான். நான் யாரையும் திருத்தவில்லை.

ஜூன் 26, சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் காட்சி. காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கத்தில் அதே பழைய ஹால்தான். நாற்காலிகள் மட்டும் புதியவை. நான் படத்தைச் சிபாரிசு செய்யமாட்டேன். சீட்டுகளை எண்ணி, எழுதியிருப்பதை ஓர் எழுத்தும் மாற்றாமல் படியெடுத்து அனுப்புவேன். செயலாளர் சீட்டு போடுவது வழக்கமில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எழுதுகிறவன், படித்துவிட்டு “நடக்காது” என்கிற பெண்: 91-இல் நீங்கள் எனக்குப் படிக்கக் கொடுத்த வரைவும் இதுதான். அதில் அவள் கோபித்துக்கொண்டு குடையை எடுத்துக்கொண்டு போவாள். பத்துப் பக்கம் கழித்துத் தானாகவே திரும்பி வந்து அவனோடு இருந்துவிடுவாள். “என்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமலேயே என் பதிலை எழுதிவிட்டீர்கள்” என்று அன்று சொன்னேன். அதை மறுபடி சொல்ல விருப்பமில்லை. ஆகவே என் கருத்தைக் கேட்காததற்கு நன்றி.

பெட்டியை ஒரு வாரம் முன்னதாக அனுப்பவும்.

சொர்ணம்
செயலாளர்


ஜீவனஹள்ளி
28 ஜூன் 1999

திரு. ஆதிகேசவன் அவர்களுக்கு,

சனிக்கிழமை காட்சி நடந்தது. இடைவேளையில் சிரிலுக்கு ரீல் பற்றி ஒரு சிறு சந்தேகம். தீர்த்து வைத்தேன். மற்றபடி தடங்கல் இல்லை.

வந்தவர்கள் 74. நடுவில் எழுந்து போனவர்கள் 11. பெட்டியில் விழுந்த சீட்டுகள் 61. இரண்டு பேர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ‘இப்படியே வெளியிடலாம்’ 34. ‘கூடாது’ 27.

முழுப் படியை இணைத்திருக்கிறேன். சில மாதிரிக்கு:

ஈஜிபுரா: “கதை இல்லை. ஆனால் தூங்கவில்லை.”

அல்சூர்: “இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவைகூட அந்த வீட்டில் கரண்ட் போகவில்லை. எந்த ஊரில் எடுத்தார்கள்?”

ஃபிரேசர் டவுன்: “சமைப்பது எப்படி என்று காட்டிக்கொண்டே இருந்தார்கள். சாப்பாடு வரவே இல்லை.”

ஜீவனஹள்ளி: “அந்த அம்மா படித்து முடித்துத் தாளைக் கீழே வைக்கும்போதெல்லாம் எனக்கு என் சூப்பர்வைசர் ஞாபகம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நல்ல படம்.”

கன்னடத்தில் ஒன்று, மல்லேசுவரத்திலிருந்து. என் மொழிபெயர்ப்பு: “தமிழ் பாதிதான் புரிந்தது. அந்தப் பெண் திரும்பி வந்து உட்கார்ந்ததும் மீதியும் புரிந்தது.”

படம் முடிந்த பிறகு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. டீக்கடையில் இரண்டு கட்சி கட்டிக்கொண்டார்கள். சின்னப்பா எதிர்க்கட்சி. “இது படமா பரீட்சையாம்மா? ஒரே கேள்விய ஆறு தடவ எழுதறான், ஒரு தடவகூடப் பாஸாகல” என்றார். எதிரில் லட்சுமம்மா. பன்னேர்கட்டா ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸில் வேலை செய்கிறவர், எங்கள் தெருக்காரர், கன்னடம் கலந்து பேசுவார், ஒரு காட்சியையும் தவறவிடமாட்டார். “ரீ சின்னப்பா, உங்களுக்கு ஃபைட் இருந்தாத்தான் படம். எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான், ராத்திரி சொன்னத காலைல மாத்துவாரு. அவர் எழுதல, குடிச்சாரு, அவ்ளோதான் வித்தியாசம்” என்றார். கடைக்காரர் ஸ்டவ்வை அணைத்த பிறகுதான் கலைந்தார்கள்.

என் கருத்தை நீங்கள் கேட்கவில்லை. ஆகவே ஒரு தகவலாக மட்டும் சொல்கிறேன்: அவள் திரும்பி வருவாள் என்று எதிர்பார்த்துத்தான் போய் உட்கார்ந்தேன். வந்தாள்.

சொர்ணம்
செயலாளர்


கோடம்பாக்கம்
3 ஜூலை 1999

சொர்ணம்,

உங்கள் கடிதத்தைச் சுந்தரராமன் என் கையிலிருந்து பிடுங்கிப் படித்தார். “முப்பத்திநாலு! பாஸ் மார்க்குக்கு மேல சார்!” என்று கடைப் பையன்களுக்கெல்லாம் காபி வாங்கிக் கொடுத்தார். ஆகஸ்டில் ஒரு தியேட்டர் பிடித்துவிடலாம் என்கிறார். அல்சூர்க்காரரின் கரண்ட் சீட்டை நாலு தடவை உரக்கப் படித்தார். படத்தில் ஓடும் மின்விசிறி அவர் கடையிலிருந்து வந்தது. அவருக்கு மிகவும் பிடித்த நடிகர் அதுதான்.

அன்று முழுதும் நானும் சிரித்துக்கொண்டே இருந்தேன். ராத்திரி உட்கார்ந்து மறுபடி படித்தபோதுதான் கடைசி வரியில் நின்றேன்.

அவள் எங்கே திரும்பி வருகிறாள்?

ஐந்தாம் ரீலில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து அவன் எழுதியதைப் படிக்கிறாள். ஆறாம் ரீலில் குடையை எடுத்துக்கொண்டு கேட்டைத் திறந்து போகிறாள். ஏழாம் ரீலில் வெறும் நாற்காலி. திரை இருண்ட பிறகு தாள் புரளும் சத்தம் கேட்கும். புரட்டுவது விசிறிக் காற்று. அவள் இல்லை. அவள் வரவே இல்லை, சொர்ணம். திரும்பி வருகிற வரைவை 93-இலேயே கிழித்துப் போட்டுவிட்டேன்.

அந்த மல்லேசுவரம் சீட்டும் திரும்பி வந்தாள் என்கிறது. முழுப் படியில் இன்னும் ஒன்பது பேர் அதையே எழுதியிருக்கிறார்கள். ஒன்பது பேரும் ‘வெளியிடலாம்’ பக்கம்.

நீங்கள் எல்லாரும் என்ன பார்த்தீர்கள்?

ஆதிகேசவன்


ஜீவனஹள்ளி
8 ஜூலை 1999

ஆதிகேசவன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. கல்லூரி முடிந்ததும் சிரில் வீட்டுக்குப் போய் அவரோடு ஹாலுக்குச் சென்று, டப்பாக்களைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இடைவேளையில் நடந்தது இது. சிரில் மேலேயிருந்து ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். “மேடம், இந்த டப்பா மூடில அஞ்சுன்னு இருக்கு, உள்ள ஃபிலிம் தலைல ஆறுன்னு கீறியிருக்கு. அடுத்தது அப்படியே உல்டா. எத மாட்டட்டும்?” மூடி இடம் மாறியிருக்கலாம், அல்லது கீறியவர் தவறியிருக்கலாம். சிரில் தன் அபிப்பிராயத்தையும் சொன்னார்: “ஃபிலிம்ல கீறினது லேப்காரன் மேடம். டப்பாவ விட அவனத்தான் நம்பணும்.”

நான் ஃபிலிமைக் கையில் வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். குடையோடு அவள் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள். மற்றதை உருவிப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

“போறதுதான் முதல்ல, சிரில். அப்புறம் திரும்பி வருவாள். எனக்கு இந்தக் கதை தெரியும்” என்றேன்.

அவர் அப்படியே மாட்டினார். ஏழாம் ரீலின் வெறும் நாற்காலியைப் பார்த்தபோது அவள் வீட்டுக்குள் எழுந்து போயிருக்கிறாள் என்றும், தாள் புரளும் சத்தம் அவளுடையது என்றும் எடுத்துக்கொண்டோம். முப்பது வருட அனுபவம் உள்ளவர் சொன்னதை, எட்டு வருடத்துக்கு முன் படித்த ஒரு வரைவை வைத்து ஒதுக்கினேன். வகுப்பில் ஒரு மாணவி இப்படிச் செய்தால், கண்ணெதிரில் இருக்கும் தகவலை விட்டுவிட்டு எதை நம்பினாய் என்று கேட்பேன்.

நான் நம்பியது இதைத்தான்: ஆதிகேசவன் மாறியிருக்கமாட்டார். அவர் அந்தப் பெண்ணைத் திரும்ப வரவழைக்காமல் விடமாட்டார்.

எனவே 34-27 என்பது உங்கள் படத்துக்கு விழுந்த எண்ணிக்கை அல்ல. நான் கலைத்து அடுக்கிய ஒன்றுக்கு விழுந்தது. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

சொர்ணம்


கோடம்பாக்கம்
13 ஜூலை 1999

சொர்ணம்,

இதற்கு முன் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது கொஞ்சம் ஆறிய பிறகு எழுதுவது.

91-இல் என்னிடம் என்ன சொன்னீர்கள்? நான் உங்களைக் கேட்காமல் உங்கள் பதிலை எழுதிவிட்டேன் என்று. சரி. அது உண்மை. அதை ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது, படமாக எடுக்க இன்னும் ஆறு வருடம். இப்போது நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்? என்னைக் கேட்காமல் என் கதையை முடித்திருக்கிறீர்கள். ஒரு ஃபோன் போட்டிருக்கலாம். இடைவேளையைப் பத்து நிமிடம் நீட்டினால் காக்ஸ் டவுனில் யாரும் செத்துப்போகமாட்டார்கள்.

இன்னொன்றுதான் அதிகமாக உறுத்துகிறது. அந்த முப்பத்திநாலு பேருக்கு அந்த அடுக்கு பிடித்திருக்கிறது. நான் எட்டு வருடம் எதை வேண்டாம் என்று அடித்தேனோ அதைப் பார்த்துத்தான் கை தட்டியிருக்கிறார்கள்.

சுந்தரராமனிடம் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. அவர் கையில் முப்பத்திநாலு இருக்கிறது, தியேட்டர் பேசிக்கொண்டிருக்கிறார். படம் சரியான அடுக்கில் வெளிவரட்டும். எண்ணிக்கை எப்படி வந்தால் யாருக்கு என்ன? நீங்களும் பேசாமல் இருங்கள். எனக்கு நீங்கள் செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

பெட்டியைத் திருப்பி அனுப்பவும்.

ஆதிகேசவன்


ஜீவனஹள்ளி
19 ஜூலை 1999

ஆதிகேசவன் அவர்களுக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. ஒரு வரியையும் மறுக்கவில்லை.

ஆனால் பெட்டியை இப்போது அனுப்பமாட்டேன். பேசாமலும் இருக்கமாட்டேன். சங்கத்தின் பலகையில் இன்று காலை இதை ஒட்டினேன்:

‘ஜூன் 26 அன்று காட்டப்பட்ட “பன்னிரண்டாம் வரைவு” படத்தில் ஐந்தாம், ஆறாம் ரீல்கள் செயலாளரின் தவறால் இடம் மாறி ஓடின. ஆபரேட்டர் சரியாகவே எச்சரித்தார். படம் ஜூலை 31, சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு உரிய வரிசையில் மீண்டும் காட்டப்படும். முந்தைய கருத்துச் சீட்டுகள் செல்லாது. – சொர்ணம்.’

ஒட்டிக்கொண்டிருக்கும்போதே சின்னப்பா வந்து நின்றார். கண்ணாடியைத் தூக்கி இரண்டு முறை படித்தார். “தப்பு அவங்க மேல, பழி நான் ஏன் சுமந்தேன்? எனக்குப் புரியலன்னு டீக்கடைல எத்தன பேரு சிரிச்சாங்க தெரியுமா? படமே தலகீழா ஓடியிருக்கு! நான்தான் கரெக்டு!” என்று தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறார். லட்சுமம்மா என்னிடம் வந்து, “அப்ப அவ திரும்பி வரலியா? அய்யோ, ஏம்மா சொன்னீங்க? சும்னே இருந்திருக்கலாம்ல?” என்றார். நீங்களும் அவரும் ஒரே கட்சி.

செயலாளர் பதவியிலிருந்து விலகுவதாகவும் எழுதிக் கொடுத்தேன். கமிட்டி அதைப் படித்துவிட்டு, வேறு யாருக்கும் வரவு செலவுப் புத்தகம் எழுதத் தெரியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டது.

ஏன் இப்படி என்று கேட்பீர்கள். பொய்யான எண்ணிக்கையில் வெளிவந்தால் அந்தப் படத்தை நான் தியேட்டரில் போய்ப் பார்க்க முடியாது. அதைச் சரியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எனக்கு இருக்கிறது.

சொர்ணம்


கோடம்பாக்கம்
24 ஜூலை 1999

சொர்ணம்,

கார்டில் இடம் குறைவு.

நேற்று சுந்தரராமனிடம் போய்ச் சொல்லிவிட்டேன். நீங்கள் பலகையில் ஒட்டிவிட்டு நிற்கும்போது நான் மட்டும் இங்கே காபி குடித்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவர் உடனே தியேட்டர்காரருக்கு ஃபோன் செய்து நிறுத்திவைக்கச் சொன்னார். “ரெண்டாவது எண்ணிக்க வரட்டும். அதான் கணக்கு. இனிமே மூணாவது கிடையாது” என்றார்.

இன்னொன்று. மூடிகளை மாற்றி மூடியது யார் என்று யோசித்துப் பார்த்தேன். பெட்டி கட்டின அன்று ஐந்தையும் ஆறையும் திறந்து கடைசியாக ஒருமுறை பார்த்தேன். அவசரத்தில் மூடினேன். நான்தான்.

ஆதி


ஜீவனஹள்ளி
2 ஆகஸ்ட் 1999

ஆதிகேசவன்,

எண்ணிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். வந்தவர்கள் 56. சீட்டுகள் 56. ‘இப்படியே வெளியிடலாம்’ 25. ‘கூடாது’ 31.

மூன்று முறை எண்ணினேன். சிரிலும் எண்ணினார். மாறவில்லை.

‘கூடாது’ என்றவர்களில் பாதிப் பேர் முதல் காட்சிக்கும் வந்தவர்கள். “போன தடவை ஓட்டினதையே வெளியிடுங்கள்” என்று எழுதியிருக்கிறார்கள். ஈஜிபுராவிலிருந்து ஒருவர்: “சரியாக ஓட்டினாலும் கதை இல்லை. இந்த முறையும் தூங்கவில்லை.” சின்னப்பா பெயர் போடாமல் எழுதியதை எழுத்தை வைத்துக் கண்டுபிடித்தேன்: “இப்போது புரிகிறது. பிடிக்கவில்லை.” மல்லேசுவரத்துக்காரர் மறுபடி வந்திருந்தார். அவருடையது மூன்று வரி: “போன முறை எனக்கு ஆறுதல் கிடைத்தது. இந்த முறை கிடைக்கவில்லை. இதுதான் சரியான படம்.” அவர் ‘வெளியிடலாம்’.

லட்சுமம்மா எதிர்த்து எழுதினார். அவர் அதை மறைக்கவும் இல்லை. வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏம்மா, அவன் கைலதானே பேனா இருக்கு? ‘வந்தா’ன்னு ஒரு வார்த்த எழுதினா ஆச்சு. ஏன் எழுதல அந்தாளு?” என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. பிறகு, “ஆனா ஒண்ணு சொல்றேன், இந்தத் தடவ அவன் மேல எனக்குக் கோவம் வரல. போன தடவ வந்துச்சு” என்றார்.

இரண்டாம் காட்சியில் ஒருவர்கூட நடுவில் எழுந்து போகவில்லை. இதற்குப் பெரிய அர்த்தம் இருப்பதாக நான் சொல்லமாட்டேன். மழை பெய்தது, அதனாலும் இருக்கலாம். ஆனால் திரை இருண்டு தாள் புரளத் தொடங்கியபோது ஹாலில் யாரும் இருமவில்லை. விளக்கு போட்ட பிறகும் சிறிது நேரம் எல்லாரும் முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மழை அதற்கு முன்பே நின்றுவிட்டிருந்தது.

உங்கள் படத்தை நான் தோற்கடித்துவிட்டேன். முதல் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால் இந்நேரம் தியேட்டர் கிடைத்திருக்கும். இது தெரிந்துதான் செய்தேன். ஆனாலும் கூட்டல் போட்டு 31 என்று எழுதுமுன் மறுபடி ஒருமுறை எண்ணினேன்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. செயலாளர் சீட்டு போடக்கூடாது. கடிதம் எழுதலாம்.

அந்தப் பெண் ஐந்தாம் ரீலில் படிக்கும்போது முகத்தில் கோபமில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. நான் உங்கள் மேசையில் உட்கார்ந்து படித்த நாட்களில் கோபத்தோடு மட்டும்தான் இருந்ததாக என் ஞாபகம். நீங்கள் வேறு எதையோ பார்த்திருக்கிறீர்கள். அவள் தாளைச் சதுரமாகத் தட்டி அடுக்கி வைத்துவிட்டுப் போகிறாள். அவன் கூப்பிடவில்லை. அதற்கு முன் ஒவ்வொரு காட்சியையும் அடித்து அடித்துத் தன் இஷ்டத்துக்கு மாற்றியவன், இந்த ஒன்றை மாற்றாமல் விடுகிறான். அவள் போனதை அவள் முடிவாகவே இருக்க விடுகிறான். லட்சுமம்மாவின் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். அவரிடம் சொல்லவில்லை.

எனக்குப் படம் பிடித்திருக்கிறது. இந்த வாக்கியத்தை இரண்டு முறை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

பெட்டி நாளை புறப்படும். மூடிகளை நானே சரிபார்த்துக் கயிறு கட்டினேன்.

சொர்ணம்


கோடம்பாக்கம்
14 ஆகஸ்ட் 1999

அன்புள்ள சொர்ணம்,

உங்கள் கடிதத்தைச் சுந்தரராமனிடம் கொடுக்கவில்லை. எண்ணிக்கை வரைக்கும் படித்துக் காட்டிவிட்டு மீதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். 25-31 என்றதும் அவர் தலையை ஆட்டினார். “சரி, குடோன்தான்” என்று எழுந்துவிட்டார். நானும் எழுந்தேன். அவரை மறுத்துப் பேச என்ன இருக்கிறது? ஒத்துக்கொண்ட நிபந்தனை.

வாசல் வரை போனவர் திரும்பி, “அந்த முப்பத்தோரு பேரு எப்ப எழுந்து போனாங்க?” என்று கேட்டார். யாருமே போகவில்லை என்றேன். “யாருமேவா?” அதையும், ஈஜிபுராக்காரரும் சின்னப்பாவும் மறுபடி வந்து மறுபடி குறை எழுதியதையும் மட்டும் நீங்கள் எழுதியிருந்தபடி படித்துக் காட்டினேன். மழையையும் விடாமல் படித்தேன்.

மறுபடி உட்கார்ந்துவிட்டார். “புடிக்கலேன்னு சொல்லிட்டு, அதையே ரெண்டாந்தடவ வந்து கடைசி வரைக்கும் உக்காந்து பாத்துட்டு, மறுபடியும் புடிக்கலேன்னு எழுதிட்டுப் போயிருக்கானா? சார், எனக்கு இந்தத் தொழில் தெரியாது. ஆனா ஃபேன் கடைல ஒருத்தன் ரெண்டு தடவ வந்து குத்தம் சொல்லிட்டுப் போனா அவன் வாங்குவான்” என்றார்.

சென்னையில் வேண்டாம் என்கிறார். எங்கே சண்டை போட்டார்களோ அங்கேயே போடலாம் என்கிறார். கண்டோன்மென்ட் பக்கத்தில் தமிழ்ப் படம் ஓட்டுகிற ஒரு தியேட்டரில் காலைக் காட்சி கிடைத்திருக்கிறது. செப்டம்பர் 3, வெள்ளி முதல் ஒரு வாரம். வெட்டு இல்லை, கிளைமாக்ஸ் இல்லை, உரிய வரிசையில். ஒரு வாரத்துக்கு மேல் ஓடாமலும் போகலாம். பரவாயில்லை.

பெட்டியை நானே எடுத்து வருகிறேன். வியாழக்கிழமை வருவேன்.

வரும்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டியது. இங்கே எழுதமாட்டேன். உங்கள் பதில் எதுவாக இருக்கும் என்று யோசிக்கவும் மாட்டேன், யோசித்தால் எழுதிவிடுவேன். நேரில் கேட்கலாமா என்பதை மட்டும் கடிதத்தில் கேட்கிறேன்.

ஆதி


ஜீவனஹள்ளி
20 ஆகஸ்ட் 1999

அன்புள்ள ஆதி,

கேட்கலாம். பதில் எனக்கும் இன்னும் தெரியாது. கேட்ட பிறகு யோசிப்பேன்.

நீங்கள் எந்த ரயில் என்று எழுதவில்லை. பிருந்தாவன் என்று வைத்துக்கொள்கிறேன். மறுபடியும் உங்களைக் கேட்காமல் முடிவு செய்கிறேன் என்று தோன்றினால் ஒரு கார்டு போடுங்கள், நேரத்தை மாற்றிக்கொள்கிறேன்.

சின்னப்பா வெள்ளிக்கிழமைக்குப் பத்து டிக்கெட் சொல்லி வைத்திருக்கிறார். படம் எவ்வளவு மோசம் என்று மைத்துனர் குடும்பத்துக்குக் காட்ட வேண்டுமாம். லட்சுமம்மா அன்று காலை லீவு கேட்டிருக்கிறார். கொடுக்காவிட்டாலும் வருவாராம்.

நான் வெள்ளிக்கிழமை லீவு போடவில்லை. வியாழக்கிழமைக்குப் போட்டிருக்கிறேன். மதியம் கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு வருகிறேன். படத்தை இரண்டு முறை பார்த்தாயிற்று. உங்களைத்தான் பார்க்கவில்லை.

சொர்ணம்